குருவி வந்த சேதி

காலையில் பின்வாசலில் நின்றபோது வேப்பமரத்தில் ஓர் இலை மட்டும் தனியாக ஆடியது. காற்று இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், அதேதான். இலைக்கதிர்குருவி. கட்டைவிரல் பருமன் இருந்தால் அதிகம். முதுகு மங்கிய பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேலே ஒரு வெளிர்க்கோடு. இமயமலைப் பக்கத்திலிருந்து புரட்டாசி, ஐப்பசியில் வந்து, சித்திரை வெயில் ஏறும்போது திரும்பிவிடும். வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனி மாதம் என் மனைவி பத்மா போய்விட்டாள். காரியமெல்லாம் குறையில்லாமல் முடித்தேன். வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்றுகூடப் பார்த்தேன். இன்றுவரை அழவில்லை. மரத்துப்போன கால் மாதிரி கிடக்கிறது மனசு, கிள்ளினாலும் உறைக்கவில்லை. குருவி வரட்டும், அதன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால், எங்களைப் பேசவைத்ததே அதுதான். கல்யாணமான புதிதில் செங்கம் சாலைப் பக்கம் வாடகை வீடு. நான் கணக்கு வாத்தியார். எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஊரே சாயங்கால போண்டாவுக்கு முண்டியடிக்கும்போது நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவியிருப்போம். அப்புறம் இருட்டும்வரை என்ன செய்வது? புதுப் பெண்டாட்டியிடம் என்ன பேசுவதென்று தெரியாத ஆள் நான். அதனால் மலையடிவாரத்து மரங்களுக்கு நடுவே சும்மா நடப்போம்.

ஒருநாள் அவள் சட்டென்று நின்றாள்.

"சிலீப் சிலீப்னுதே, அது இன்னாங்க?"

தெரியாது என்று சொல்ல கௌரவம் விடவில்லை. "தையல்சிட்டு" என்றேன்.

"தையல்சிட்டு எங்கூருல கத்திரிச் செடியிலயே கூடு கட்டும். இது அது இல்ல."

அதோடு என் பண்டிதம் வெளுத்தது. ஒரு படப்புத்தகமும் பழைய பைனாகுலரும் வாங்கிவந்தேன். வேலையும் பிரிந்தது: கேட்பது அவள், பார்ப்பது நான். சத்தம் வரும் கிளையை அவள் காட்டுவாள்; நான் அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வேன்.

அந்தத் தீர்ப்பில்தான் முதல் சண்டையும் வந்தது. கார்த்திகையில் நான் பார்த்த குருவிக்கு இறக்கையில் மெல்லிய வெள்ளைப் பட்டை இருந்தது. பங்குனியில் பார்த்ததற்கு இல்லை. இது வேறு ஜாதி, பழையது போய்ப் புதியது வந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னேன்.

"கொரலு அதேதாங்க" என்றாள்.

"பட்டை இல்லையே?"

"சாயம் போன சட்ட போட்டுக்கினு வந்தா, ஆளே வேறன்னுவீங்களா?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு புத்தகத்தை அடிக்குறிப்பு வரை படித்தால், இலைகளில் உரசி உரசி இறகின் நுனி தேய்ந்து, ஊர் திரும்பும் காலத்தில் அந்தப் பட்டை அழிந்தே போகுமாம். பத்மா சொன்னதுதான் சரி. அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால் சிரிப்பிலிருந்து தப்பியிருக்கலாம்.

அதன்பிறகு எத்தனையோ வருடம். சொந்த வீடு கட்டினோம், நான் ஓய்வு பெற்றேன். ஆனால் குருவி வரும் நாளில் அடுப்படியிலிருந்து அவள் குரல் வராமல் இருந்ததில்லை. "வந்துடுச்சுங்க!" நான் பைனாகுலரைத் தேடி ஓடுவேன்.

இன்று அது வெகுநேரம் கிளை மாறி மாறிப் பூச்சி தேடியது. சத்தமே இல்லை. வந்த களைப்பு போலிருக்கிறது, ஒரு குரல் கொடுக்கட்டும் என்று நின்றேன். அப்போது, சென்னையிலிருந்து வந்திருக்கும் மகள் காபியோடு வந்தாள்.

"இன்னாப்பா இது, விடியறதுக்கு முன்னாடியிருந்து இந்தக் குருவி வுடாம கத்திக்கினே இருக்குது. தூக்கமே போச்சு."

நிமிர்ந்து பார்த்தேன். அலகு திறந்து மூடியது. மறுபடி திறந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பேச்சு கேட்கிறது; இந்த மெல்லிய கீச்சொலிக்குக் காது இந்த வருடம்தான் போனதா, பல வருடம் முன்பே போய்விட்டதா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்குத் தேவையே இருந்ததில்லை. "வந்துடுச்சுங்க" என்று அவள் சொன்னதும் குருவியைக் கேட்டுவிட்டதாகவே இருந்திருக்கிறேன். கேட்டால் அழுவேன் என்றிருந்தேன். "வந்துடுச்சுங்க" என்று சொல்ல இனி வீட்டில் ஆள் இல்லை.