மஞ்சள் பெரணி

அமல்தாஸுக்குப் பதினான்கு வருடமாக ஒரே குறை. கல்லூரியில் தாவரவியல் துறைப் பலகையில் நிரந்தர ஆசிரியர்களின் பெயர்கள் பெயின்ட்டில் இருந்தன. கௌரவ விரிவுரையாளரான அவருடைய பெயர் சாக்பீஸில் இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் பெருக்குகிற பெண் அதை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அமல்தாஸ் தன் கையாலேயே மறுபடி எழுதிக்கொள்வார்.

அழியாத இடத்தில் பெயர் ஏறும் வழி தொப்பூர் கணவாயில் கிடைத்தது. கவிழ்ந்த லாரிக்குப் பின்னால் பஸ் நின்றுவிட, ஒதுங்கப் போனவர் முனியப்பன் கோயில் பாறை இடுக்கில் விரல் நீளத்துக்கு ஒரு பெரணியைக் கண்டார். கறுத்துப் பளபளக்கும் காம்பு. இலையைத் திருப்பினார். அடியில் மஞ்சள் மாவு.

வெள்ளை மாவென்றால் வெள்ளிப் பெரணி. ஆடு மேய்க்கிற பிள்ளைகள்கூட அதைப் புறங்கையில் தட்டி அச்சுப் பதிப்பார்கள். மாவே இல்லையென்றால் அதன் பங்காளி. மஞ்சள் மாவுள்ள உறவுகளைப் புத்தகத்தில் தேடினார். ஒன்றுக்குக் காம்பெல்லாம் முடி, இன்னொன்றுக்கு இலை வெட்டு வேறு. பறித்து வந்த செடியோடு ஒரு வாரம் லென்ஸும் கையுமாக இருந்து, இது புது இனமேதான் என்று முடிவுக்கு வந்தார். மாவை மட்டும் தொடவில்லை, உதிர்ந்துவிடுமே.

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதை இல்லை. அதனால் பெயின்ட்டில் இருக்கும் டேவிட்ராஜோடு ஒப்பந்தம். இந்தச் செடிக்கு அவர் அமல்தாஸின் பெயரை வைப்பார். அடுத்த செடிக்கு அமல்தாஸ் அவர் பெயரை வைப்பார். அடுத்த செடி எது என்று இருவருக்கும் தெரியாது.

“செடிக்கு உங்க பேரு வெச்சா வேலயப் பெர்மனன்ட் பண்ணுவாங்களா?” என்று கேட்டாள் மனைவி ஆக்சிலியா.

“அது வேற, இது வேற.”

“அப்ப வரும்போது ஒரு கட்டுக் கீர வாங்கியாங்க. அதுக்கு ஏற்கெனவே பேரு இருக்குது.”

வெள்ளிக்கிழமை இருவரும் மாதிரி எடுக்கப் போனார்கள். கோயிலைக் கழுவிக்கொண்டிருந்த முனியம்மாள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

“என்னா சார், களையப் புடுங்கறீங்க?”

“களை இல்லீங்கம்மா. உலகத்துலயே இங்க மட்டும்தான் இருக்குது. அடியில பாருங்க, மஞ்ச மாவு.”

“இருக்காதா பின்ன? வெள்ளிக்கு வெள்ளி சாமிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறனே. கல்லுல பட்டு அதும்மேலதான் தெறிக்குது.”

“இது செடியே சுரக்கற மாவுங்க.” அவர் குரல் வகுப்புக்கு மாறியது. “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது.”

முனியம்மாள் குனிந்து ஓர் இலையைத் திருப்பினாள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்த விரலால் அதன் அடியில் ஓர் இழுப்பு இழுத்தாள். குபீரெனச் சிவந்தது.

“ஆரத்திக்கு ஆவும், எடுத்துக்கிட்டுப் போங்க.”

அமல்தாஸ் பாறைமேல் ஏறி, தண்ணீர் எட்டாத இடத்திலிருந்து ஒன்றைப் பறித்துத் திருப்பினார். வெள்ளை. புறங்கையில் வைத்துத் தட்டினார். அச்சு அழகாக விழுந்தது.

டேவிட்ராஜ் கீழிருந்து கேட்டார்:

“அப்ப எம்பேரு வெக்கற செடி என்னாச்சுங்க சார்?”

அமல்தாஸ் இறங்கி வந்து, அச்சைக் கழுவ முனியம்மாளின் வாளிக்குள் கையை விட்டார். சாக்பீஸ் பிடிக்கிற கை மஞ்சளாக வெளியே வந்தது.