ஊசி ஒட்டாத காந்தம்

சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் ஒருமுறை, வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த என் மகள் வேலணைக்கு வந்து பத்து நாள் நின்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டால் "விஞ்ஞானம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைக்கிற மாதிரி நிற்பேன். அடுத்த கேள்வி வந்துவிடக்கூடாதே என்றிருக்கும்.

இந்தமுறை விளங்கிக்கொள்வது என்று அவளைக் குசினிக்குள் அடுப்படியில் இருத்திவைத்துக் கேட்டேன். அவள் தீப்பெட்டி அளவான ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே நகத்தளவில், கண்ணாடிபோல் மினுங்கும் கறுத்த துண்டு ஒன்று.

"உது காந்தமும் குறைகடத்தியும் ஒண்டாச் சேர்ந்த சாமான், அம்மா. கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற சில்லு மாதிரி. இந்தக் காந்தத்துக்கு ஒரு குணம் இருக்கு. உள்ளுக்குள்ள அதின்ர காந்தத் திசை படுத்துக் கிடக்கத்தான் விரும்பும். எழுப்பினால் முரண்டு பிடிக்கும்."

"உன்ர கொப்பரைப் போல," என்றேன். "மத்தியானம் சரிஞ்சாரெண்டால் எழுப்ப ஏலாது."

விறாந்தையில் கதிரையில் இருந்த என் மனுசன் செருமினார்.

"ஓம், அப்பாவேதான். அவற்ற பாய்க்குக் கீழ பொடிக் கல்லுக் கொஞ்சம் தூவினால் தானா எழும்பமாட்டாரோ? நான் அதைத்தான் செய்யிறன். அயன் எண்டு கண்ணுக்குத் தெரியாத துணிக்கையளை வேகமா உதுக்குள்ள அடிக்கிறது. உள்ளுக்குச் சின்னச் சின்னப் பழுது வரும். அளவா அடிச்சால் காந்தம் நிமிர்ந்து நிக்கும். கூடினால் காந்தக் குணமே போயிடும்."

"கல்லு வைக்கிறதெண்டால் சொல்லிப்போட்டு வையுங்கோ," என்று விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது.

அந்தத் துண்டுக்கு அடித்து முடிந்துவிட்டதாம். இங்கிருந்து நேரே வேறொரு நாட்டுக்குப் போய், அது நிமிர்ந்ததா என்று அளந்து பார்க்கவேண்டுமாம். மூன்று வருட வேலை அதற்குள் இருக்கிறது என்றாள்.

சோதனைக்குப் போகும் பிள்ளைகளின் பேனையை அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். இதற்கு மட்டும் செய்யாமல் விடலாமா? கேட்டால் மகள் சிரிப்பாள். கேட்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்துக்குச் சிநேகிதியைப் பார்க்கப் போன அன்று, பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நயினாதீவு அம்மன் கோயிலுக்கு வள்ளம் ஏறினேன்.

"இதென்ன பிள்ளை?" என்றார் கோயில் ஐயர்.

"மகளின்ர படிப்பு."

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். கொண்டுபோய் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவோடு திருப்பித் தந்தார்.

திரும்பி வரும்போது காற்று எழும்பிவிட்டது. அலை அடித்துக் கைப்பை நனைந்தது. வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு துளி உப்புத் தண்ணீர். துண்டை விரலால் எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். பிறகுதான் பயம் வந்தது. சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி அதன் கிட்டப் பிடித்தேன். ஒட்டவில்லை. மறுபக்கம் பிரட்டிப் பிடித்தேன். ஒட்டவே இல்லை. மூன்று வருடப் படிப்பை நான் கடல் தண்ணீரில் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கேட்காத பிட்டெல்லாம் இரண்டு நாளாய் மகளுக்கு அவித்துப் போட்டேன். காலையில் அவர், "இஞ்சேரும், கல்லு எனக்கெல்லோ வைக்கிறதெண்டவை? இரவிரவா நீரெல்லே உருளுறீர்," என்றார்.

புறப்படுகிற அன்று மகள் பெட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, மூடியில குங்குமம் எப்பிடி வந்தது?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், அலை, சேலைத் தலைப்பு. "ஊசிகூட ஒட்டேல்லைப் பிள்ளை," என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் துண்டை வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தாள்.

"மூலையில கீறிப்போட்டியள். நடு நல்லாத்தான் கிடக்கு. மூலையை வெட்டி எறியலாம்." பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "புதுசிலயும் ஊசி ஒட்டாதம்மா. உது காந்தமாகிறதுக்குப் பொல்லாத குளிர் வேணும்."

"ஊர்காவற்றுறையில மீனுக்குப் போடுற ஐஸ் காணாதோ?"

"ஐஸ் உதுக்கு வெய்யில் மாதிரி."

"இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"நீங்கள் அப்பாவின்ர படுக்கையோட நிண்டிட்டியள்."

போகும்போது "நடு நல்லாத்தான் கிடக்கு" என்று இன்னொருதரம் சொன்னாள். எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சந்திக் கடைக்கு அவளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "அம்மா, நிமிர்ந்திட்டுது!" என்று கத்தினாள். கடையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஆரக்கா நிமிர்ந்தது?" என்றார் கடைக்காரர். "காந்தம்," என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

அவர் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

"அது எழும்பி நிக்குதாம். நீங்களும் எழும்புங்கோ, தேத்தண்ணி ஆறுது."