பத்தரைக்குள் ஸ்டார்ட் ஆகுமா?

ஐப்பசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, அதாவது போன வாரம், என் கார் என் மானத்தை வாங்கியது. சூளகிரியில், பூக்கடைக்கு எதிரில், பத்துப் பேர் பார்க்க!

கார் என்றால் பளபளப்பாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். என் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த வண்டி.

எங்கள் ஓசூர் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸில் இருக்கும் முருகேசனுக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து அவன் அக்காவும் வந்திருந்தார். ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போனவன். இந்த இடத்தைச் சொன்னது நான். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வாசப்படி மிதிச்சிடணும்."

பத்து மணிக்குப் பூ வாங்க நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருகினால்... சத்தமே இல்லை. ஹாரன் இல்லை, லைட் இல்லை, ஒன்றுமே இல்லை.

தள்ளலாமா? மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை. அக்கா பட்டுப்புடவை.

நான் பதறவில்லை. ஃபேக்டரியில் நான் யார்? எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்! மெஷின் நின்றால் ஐந்து முறை 'ஏன்' கேட்டுக் காரணத்தைப் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்கு ட்ரெயினிங் உண்டு. நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பானெட்டைத் திறந்தேன்.

"ஏன் ஸ்டார்ட் ஆகலை? கரண்ட் வரலை. ஏன் வரலை? ஃப்யூஸ் போயிருக்கும்." ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது. "அப்போ ஏன்?" எல்லா ஒயரையும் இழுத்துப் பார்த்தேன். சாவி போடும் இடத்தின் பின்பக்கத்தையும் நோண்டினேன். ஐந்தாவது 'ஏன்' வந்தபோது அக்காவே பதில் சொன்னார்.

"ஏன்னா, இது ஒங்க வண்டில்லா!"

பேட்டரியை மட்டும் நான் தொடவில்லை. எதற்குத் தொட வேண்டும்? ஆயுத பூஜைக்கு நானே கழற்றி, துடைத்து, மாட்டியதாயிற்றே!

மணி பத்து பத்து. முருகேசனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. "இதுவும் போச்சு சார்" என்றான். பெண் வீட்டுக்கு செல்போனில் பேசினான்.

பெண்ணின் அப்பாவே மொபெட்டில் வந்து இறங்கினார். கிணற்று மோட்டாரோடு தினமும் மல்லுக்கட்டும் விவசாயி. நேராகப் பேட்டரிக்குத்தான் போனார். முனையில் மாட்டியிருந்த கிளாம்ப்பை ஆட்டிக் கழற்றினார். உள்ளே... காய்ந்து கெட்டியான சந்தனம். அதன் மேல் குங்குமம்!

"இன்னா சார், பேட்டரிக்குப் பொட்டு வெச்சது யாரு? ஈரமா இருக்கற வரைக்கும் ஓடும். காஞ்சிட்டா கரண்ட் எப்படிப் போவும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன் முந்திக்கொண்டான்.

"நான்தான் சார். ஒரு பக்தியில வெச்சுட்டேன்."

மறுத்தேனா? இல்லை. மனசாட்சி உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் சாவியாலேயே சந்தனத்தைச் சுரண்டினார், துண்டால் துடைத்தார், இறுக்கி மாட்டினார். ஒரே திருகு — வண்டி உறுமியது! பத்து இருபத்தெட்டுக்கு வாசற்படி மிதித்தோம்.

பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்தது. "சாமி பயம் இருக்கற புள்ள" என்று அப்பாவுக்குப் பரம திருப்தி. அக்கா மட்டும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

கோளாறு எங்கே என்று ஊரெல்லாம் தேடுகிறோம். நாம் கை வைத்த இடத்தை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? இந்த 'ஏன்' எங்கள் ட்ரெயினிங்கில் இல்லை.

கிளம்பும்போது பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க பெரிய எலெக்ட்ரிகல் ஆபீசர். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வேலை கத்துக் குடுங்க."

மாப்பிள்ளை படு பவ்யமாகத் தலையாட்டினான்.

திங்கட்கிழமையிலிருந்து கேன்டீனில் என் வடை அவன் தட்டுக்குப் போகிறது... நான் வாயே திறப்பதில்லை!