தனுஷா நம்பாத கை

“ஒவ்வொரு நாளும் பல்லிடுக்கெல்லாம் சுத்தம் செய்யிறனான்” என்று என் மச்சான் கிருபானந்தன் சொல்லி முடிப்பதற்குள், பல் கிளினிக்கில் தனுஷா ஒரு குட்டித் தூரிகையையும் கைக்கண்ணாடியையும் நீட்டிவிட்டார். “ஓம் ஓம். செய்து காட்டுங்கோ.”

மச்சான் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவர். எந்தச் சந்துக்குள்ளும் வண்டியைத் திருப்பிவிடுவார். தூரிகைதான் ஒரு பல்லிடுக்கிலும் நுழையவில்லை. துணைக்குப் போன எனக்கே வெட்கமாகிவிட்டது. “உங்களை நம்பேல்லை எண்டில்லை அண்ணை, நான் ஒருத்தரையும் நம்புறேல்லை” என்று ஆறுதல் சொன்னார் தனுஷா.

அது உண்மை. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் உள்ள அந்தக் கிளினிக்கில் பல் சுத்தம் செய்வதும் ஈறு நோயைக் கவனிப்பதும் அவர் வேலை. தேநீரை வீட்டிலிருந்தே கொண்டுவருவார். அங்குள்ள கேத்தலை யார் கழுவுகிறார்கள் என்று தெரியாதாம். ஜான்-டலோன் சந்தையில் ருசிபார்க்க நறுக்கி வைத்த தோடம்பழத்தைத் தொடமாட்டார். குவியலின் அடியிலிருந்து ஒன்றை உருவி, அதை வெட்டச் சொல்வார்.

மச்சானின் கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆறு மில்லிமீற்றர் பள்ளம். ஈறை வெட்டாமலே வேர்வரை அழுக்கைச் சுரண்டி எடுத்தார் தனுஷா. எட்டு வாரம் கழித்து அளக்கும்போது நாலுக்கு இறங்கியிருந்தால் மச்சான் தப்பினார். இல்லையென்றால் ஈறை வெட்டித் திறக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கத்தி என்றாலே மச்சானுக்கு வியர்த்துக் கொட்டும்.

எட்டாம் வாரம் வருவதற்கு முந்திய சனிக்கிழமை தனுஷாவுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. வெட்டாமல் ஈறு நோயைக் குணப்படுத்துவது பற்றியது. “கடைசியிலை ஒரு மெசினை எங்கடை தலையிலை கட்டத்தான் கூப்பிடுகினம்” என்று முணுமுணுத்துக்கொண்டே போனாராம். மெசின் எதுவும் வரவில்லை. காலையில் ஒரு பிளாஸ்டிக் தாடையைக் கொடுத்து, ‘சிகிச்சைக்கு முன்’ என்று அளக்கச் சொன்னார்கள். பின்னேரம் ‘சிகிச்சைக்குப் பின்’ என்று ஒன்று வந்தது. தனுஷாவின் அளவில் பள்ளமெல்லாம் ஒரு மில்லிமீற்றர் குறைந்திருந்தது. இரண்டும் ஒரே தாடைதான்.

“என்ரை கையே எனக்குப் பொய் சொல்லிப்போட்டுது” என்றார், திங்கட்கிழமை நாங்கள் போனபோது. சொல்லும்போது சிரிக்கவில்லை.

பிறகு கோடு போட்ட மெல்லிய கம்பியால் மச்சானின் பள்ளத்தை அளந்தார். நாலு என்று பதிந்தார். மச்சான் படுத்தபடியே கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தனுஷாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

“நாலு வரவேணும் எண்டு ஆசைப்பட்டவள் நான். என்ரை அளவு சரிவராது.”

திரையில் இருந்த எண்களைக் காகிதம் ஒட்டி மறைத்தார். சென்னையிலிருந்து வந்து அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஷ்ருதியைக் கூப்பிட்டு, புதுக் கம்பி ஒன்றைக் கையில் கொடுத்தார். “ஒண்டும் கேக்காதையும். அளந்து நம்பரை மட்டும் சொல்லும்.”

ஷ்ருதி குனிந்து, நிதானமாக அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார்.

“அஞ்சு இருக்குக்கா.”

மச்சானின் முகம் வெளிறிவிட்டது. “தங்கச்சி, நாலெண்டே இருக்கட்டுமன். ஆருக்குத் தெரியப்போகுது?”

தனுஷா காகிதத்தை உரித்தார். இடது கையால் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நாலை அழித்து ஐந்தைப் போட்டார்.