நாலாவது டிராக்

இது நடந்தது. கதை கட்ட மகேனுக்குத் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒரு மெஷின் நின்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று நம்புகிறவன். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். இப்போதும் எழுந்து போகிறான். ஆனால் சிரிப்பதில்லை.

சின்னையா செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தத் தோட்டத்தின் கடைசிக் கங்காணி. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே குரலில்தான் மாரியம்மன் திருவிழாவில் பாடுவார். தொண்ணூறுகளில் சிங்கப்பூர் போனவர் ஒரு பழைய நாலு டிராக் ரெக்கார்டரோடு திரும்பினார். முதல் டிராக்கில் உறுமியைப் பதிவார். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் தாளம். அதற்கு மேல் மூன்றாவதில் குரல். நாலாவதைக் காலியாக விட்டுவிடுவார். ஒரே ஆள், ஒரு கோஷ்டி.

அந்த மெஷினை அவர் மகள் உமாதேவி அரிசிச் சாக்கில் சுற்றி மகேன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் அம்மா செல்லம் பத்து நாளாக வெறும் தேத்தண்ணியில் இருந்தாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பாட்டை ஒரு தடவை கேட்டுவிட்டால் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னாளாம். சாதாரண கேசட் ரேடியோவில் அவர் பதிந்த கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாதி வேகத்தில், மாடு முனகுவது போல வந்திருக்கிறது. அதைக் கேட்டுச் செல்லம் இன்னும் மோசமாகிவிட்டாள்.

"கருமாதிக்குள்ள ஓடணும்ணே," என்றாள் உமா. "ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்குறாங்க. இது ஒண்ணுதான் பாக்கி."

மகேன் மூடியைக் கழற்றினான். உள்ளே பெல்ட் இல்லை. பெல்ட் இருந்த இடத்தில் கரும் பிசின் இருந்தது. ரப்பர் உருகித் தார் மாதிரி சக்கரமெல்லாம் அப்பியிருந்தது. துடைக்கத் துடைக்க விரலில் ஏறியது. விரலிலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து மேசைக்கு. இரண்டு நாள் அதற்கே போனது.

கோலாலம்பூரிலிருந்து மூன்று அளவில் புது பெல்ட் வரவழைத்திருந்தான். முதலாவது தளர்வாக இருந்தது. இரண்டாவதை மாட்டினான். அது இறுக்கம். மோட்டார் திணறியது. மூன்றாவது பொருந்தியது. இப்போது டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை வழுக்கியது. கண்ணாடி மாதிரி தேய்ந்துபோன உருளை. உப்புத்தாள் வைத்து உரசிச் சொரசொரப்பாக்கினான். இழுத்தது. சுருட்டும் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தது. பித்தளைக் கம்பியைச் சூடாக்கிப் பதித்து ஒரு பல் செய்தான். வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சாயங்காலமும் இதே பாடு. பெண்டாட்டி அன்பரசி சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, நீயும் சாப்பிடாமல் கிட என்று படுக்கப் போய்விடுவாள்.

ஐந்தாம் நாள் ஓடியது. உறுமி வந்தது. தாளம் வந்தது. சின்னையா குரல் எடுத்தார். மகேன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இரண்டாவது அடியில் நின்றது.

மறுபடி ஓட்டினான். அதே அடி. அதே சொல். நின்றது.

அந்த இடத்தில் டேப் கசங்கவில்லை. பெல்ட் வழுக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. சுருட்டும் சக்கரம் மட்டும் நின்றது. யாரோ ஒரு விரலை வைத்து அழுத்திப் பிடித்த மாதிரி. அவன் தன் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தான். எதிர்த்துத் தள்ளியது.

கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்புளியை மேசைமேல் எறிந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு கருமாதி. மதியத்திலிருந்து பனி இறங்கி, எதிர் லயத்து வீடுகளே தெரியவில்லை. மகேன் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். ஓட்டினான். அதே இடம். நின்றது.

அப்போதுதான் மீட்டர்களைக் கவனித்தான். நாலு சின்ன முள். மூன்று படுத்துக் கிடந்தன. நாலாவது ஆடியது.

காலி டிராக்.

பக்கத்து டிராக்கின் சத்தம் கசிகிறது என்று நினைத்தான். மற்ற மூன்றின் பிடியையும் கீழே இறக்கினான். நாலாவதை மட்டும் ஏற்றினான்.

இரைச்சல். மழை போல. பிறகு, பெரட்டுக்குக் கூப்பிடத் தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிக்கும் சத்தம்...

டங்... டங்...

சக்கரம் சுற்றவில்லை. டேப் நகரவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

"தங்கையா."

சின்னையாவின் குரல். பாட்டுக் குரல் இல்லை. பெரட்டுக் குரல்.

"இருக்கேங்க." தூரத்திலிருந்து ஒரு பதில்.

தங்கையாவை மகேனுக்குத் தெரியும். திரிங்காப் வளைவில் லாரி கவிழ்ந்து செத்தவர். பாடையில் ஒரு பக்கம் தூக்கியவன் மகேன்.

"புவனேஸ்."

"இருக்கேங்க."

சின்ன குரல். மேல் லயத்துப் பிள்ளை. போன வருடம் டெங்கியில் போனாள். இந்தக் கேசட் பதிந்தபோது அவள் பிறக்கவே இல்லை. ஒரு நாளும் கொழுந்து எடுத்ததில்லை.

பிளக்கைப் பிடுங்கினான்.

முள் ஆடிக்கொண்டே இருந்தது.

"செல்லம்."

பதில் இல்லை. இரைச்சல் மட்டும்.

பொழுது சாயும் நேரத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைவரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கூப்பிட்டது கூட்டிக்கொண்டு போய்விடும். லயத்தில் எல்லாப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் பெரட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது. முதல் கூப்பாட்டுக்கே பதில் வர வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. நாற்பது வருடம் பெரட்டில் நின்ற செல்லத்தின் உடம்புக்கு எது முதலில் வரும்?

வாசலில் காலடிச் சத்தம்.

செல்லம் நின்றிருந்தாள். உமாவுக்குத் தெரியாமல் அவளே நடந்து வந்திருக்கிறாள். தலையில் துண்டு. பனி ஈரம்.

மகேன் கையை ஆட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் துண்டை எடுத்தாள்.

நிமிர்ந்து நின்றாள்.

"இருக்கேங்க."

முள் படுத்தது.

சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

இரைச்சல் போனது. மகேன் வெகுநேரம் கழித்துத்தான் பிளக்கைத் திரும்பச் செருகினான். பாட்டு முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் ஓடியது. செல்லம் கதவில் சாய்ந்து முழுக்கக் கேட்டாள். பசிக்கிறது என்றாள். அன்பரசி மூடி வைத்திருந்த சோற்றை எடுத்துக் கொடுத்தாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

கருமாதியில் எல்லாரும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. உமா மகேன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவைத் திருப்பிக் கொடுத்துட்டீங்கண்ணே என்றாள்.

பாட்டைப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும் என்று உமா கேட்டதால் அடுத்த வாரம் மெஷினை ஈப்போவுக்குக் கொண்டுபோனான். அங்கே ஹைகல் என்று ஒருவர் பழைய ஒலிக்கருவிகள் மட்டும் பார்க்கிறார். டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றி அவர் டார்ச் அடித்துக் காட்டினார்.

"நாலாவது டிராக் கம்பி அறுந்திருக்கு பாருங்க. முனையெல்லாம் பச்சை பூத்துப்போச்சு. இருபது வருசத்துக்கு முந்தியே அறுந்தது. மத்த மூணும் ஓகே. இதுல மட்டும் ஒரு சத்தமும் வந்திருக்காதுலா."

மகேன் தலையை ஆட்டினான். கம்பியை ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மலை ஏறி வந்ததும் நேரே உமா வீட்டுக்குப் போனான். செல்லம் வாசலில் உட்கார்ந்து பயிற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. உமா எங்கே என்று கேட்டான். உள்ளே படுத்திருக்கிறாள், இரண்டு நாளாகச் சோர்வு என்றாள். மெஷினைக் கீழே வைக்கப் போனவனைத் தடுத்தாள்.

"இனி மெஷின் வேணாம் தம்பி. அவரு நேராவே வந்து கூப்புடுறாரு. விடியுமுன்ன, களத்துல."

மகேன் மெஷினோடு உள்ளே எட்டிப் பார்த்தான்.

செல்லம் அடுத்த காயை எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முந்தாநேத்து உமா பேரையும் கூப்புட்டாரு. பாவம், அசந்து தூங்கிட்டு கெடந்தா. ஆப்சென்ட் போட்டுருவாருன்னு அவளுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன், இருக்கேங்கன்னு."