ஆணி அடிக்கக் கூடாத வீடு

சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று. ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் நாங்கள் குடியேறிய நான்காவது வாடகை வீடு அது. அப்பாவுக்கு வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஐந்து வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டோம். ஒன்றில் தண்ணீர் வரவில்லை, ஒன்று ஒழுகியது, ஒன்றை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். இந்த வீட்டில் நாள் முழுக்க போர் தண்ணீர், கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும், என் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். இனி என்னால் மூட்டை கட்ட முடியாது, என்னைத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு என்று அம்மா முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. உடைந்தது, ஓடாதது, ஓட்டையானது எதையும் காயலான் கடையில் போட மனசு வராது. உள்ளே ஆணி அடிக்க வழியில்லாததால் அவள் கைவேலையெல்லாம் வாசல் கிரில்லுக்கு வந்து சேர்ந்தது. கிரில்லில் கம்பி கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. கைப்பிடி போன குக்கருக்கு நீலப் பெயின்ட் அடித்து அதில் மணி பிளான்ட் வைத்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட மஞ்சள் ஹெல்மெட் நான்கை மல்லாத்திச் சங்கிலியில் தொங்கவிட்டாள், அவற்றில் டேபிள் ரோஸ். பழைய டிவியின் உள்சாமானைக் காயலான் கடைக்காரர் கழற்றிக்கொண்டு போன பிறகு, மிஞ்சிய பெட்டிக்குள் குரோட்டன்ஸ் குடியேறியது. ஓடாத ஃபேனின் இறக்கைகளை வைத்துப் பெரிய தட்டான் ஒன்று செய்தாள். ஃபேனுக்கு மூன்று இறக்கை என்பதால் தட்டானுக்கும் மூன்றுதான். நாலாவது எங்கே என்று கேட்பவர்களிடம், அது அந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று நான் சொல்லிச் சமாளிப்பேன்.

அப்பா இதில் தலையிடமாட்டார். ஒருநாள் தன் பழைய டிபன் பாக்ஸைத் தேடி வந்தவர், அதில் கற்றாழை வளர்வதைப் பார்த்தார். அப்படியானால் நாளைக்குச் சோற்றை ஹெல்மெட்டில் கட்டிக் கொடு என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வருடத்தில் எங்கள் வாசல் அந்தத் தெருவுக்கே அடையாளமாகிவிட்டது. கூரியர்காரருக்கு வழி சொல்பவர்கள், டிவிக்குள் செடி வைத்திருக்கிற வீட்டுக்கு நேரெதிர் என்றார்கள். அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்காரம்மா முதலில் கிரில் துருப்பிடிக்குமோ என்று கவலைப்பட்டுத்தான் வந்தார். அவருக்கு வீட்டில் கன்னடம், எங்களிடம் இழுத்து இழுத்துப் பேசுகிற தமிழ். பிறகு சொந்தக்காரர்களை அழைத்து வர ஆரம்பித்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அம்மா டீ போடுவாள், முகத்தில் பெருமை வழியும். வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை என்னுடையது. எனக்கு ஒன்பது வயது, வாய் மட்டும் பத்தொன்பது வயதுக்கு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். தெரிந்தவர்கள், சும்மா பார்க்க வந்தார்கள் என்றார். இரண்டு பேருக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். அந்த ஆன்ட்டி என் தோளில் கை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தட்டானுக்கு இறக்கை குறைகிறதே என்று அவர் கேட்கவில்லை. அதனாலேயே அவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

செடிகளைப் பார்த்த பிறகு வேறு சில கேள்விகள் கேட்டார். கொசு உண்டா, தண்ணீர் எப்படி, மத்தியானத்தில் வெயில் இறங்குமா. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

"ஃபேனே போட மாட்டோம் ஆன்ட்டி. தண்ணி எந்நேரமும் வரும். இந்த மாதிரி வீடு ஓசூர்லயே கிடைக்காதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

ஆன்ட்டி தன் கணவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் கேட்டிலிருந்து படி வரைக்கும் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தார். நானும் அவர் பின்னாலேயே நடந்து, ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அன்றைக்கு, பெங்களூர்க்காரர்கள் எதையும் அளந்துதான் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

புறப்படும்போது அம்மா மணி பிளான்ட் கொடியில் நாலு துண்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி நீட்டினாள். அந்த ஆன்ட்டி வாங்கவில்லை. இப்போது வேண்டாம் அக்கா, இருக்கட்டும் என்றார். அவ்வளவு ஆசையாகப் பார்த்துவிட்டு ஒரு துண்டுகூட வேண்டாம் என்கிறாரே என்று அம்மா சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரம்மா தனியாக வந்தார். கிரில் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மைசூரில் இருக்கிற மகன் குடும்பத்தோடு வருகிறான், வீடு வேண்டும், இரண்டு மாதம் டைம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். டீ போடட்டுமா என்று அம்மா கேட்டாள். அவர் வேண்டாம் என்று எழுந்துகொண்டார்.

இப்படித் திடீரென்று சொன்னால் எப்படி என்று அப்பா வீட்டுக்குள் மட்டும் கோபப்பட்டார். அம்மாதான் அவரை அடக்கினாள்.

"பெத்த பிள்ளைக்குக் குடுக்காம நமக்கா குடுப்பாக. விடுங்க."

ஜூஜுவாடிப் பக்கம் வேறு வீடு கிடைத்தது. காலி செய்கிற அன்று அப்பா குட்டி யானை வண்டியோடு வந்து நின்றார். அம்மா கிரில்லில் கம்பியை அவிழ்க்கப் போனபோது வீட்டுக்காரம்மா தடுத்தார். கம்பியை அவிழ்த்தால் கிரில்லில் பெயின்ட் பெயர்ந்துவிடும், அதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். வண்டியிலும் இடமில்லை, விடு என்றார் அப்பா. அம்மா ஹெல்மெட், குக்கர், டிவி எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினாள். எதற்கு எவ்வளவு தண்ணீர், எதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வரிசையாகச் சொல்லி, மருமகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். வீட்டுக்காரம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பள்ளிக்கூடம் மாறவில்லை, இப்போது பஸ்ஸில் போய் வந்தேன். ஒரு மாதம் கழித்து, பள்ளி விட்டதும் ஆசைக்குப் பழைய தெரு வழியாகப் போனேன். கேட்டுக்கும் படிக்கும் நடுவில் ஒரு கார் கச்சிதமாக நின்றது. அந்தப் பெங்களூர் ஆன்ட்டி டேபிள் ரோஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தார். நீ சொன்னது சரிதான் பாப்பா, ஃபேனே தேவைப்படவில்லை என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னேன். அவங்க மகன் வரவே இல்லை, அந்த ஆன்ட்டிதான் அங்கே இருக்காங்க, நம்ம செடியெல்லாம் சூப்பரா இருக்கு என்று நல்ல சேதியாகத்தான் சொன்னேன். அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கேட்டாள். ஊற்றுகிறார்கள் என்றேன். சரி என்றாள். எனக்கு அது போதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்னென்ன சொன்னேன், ஆன்ட்டி அதையெல்லாம் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார் என்று விவரித்தேன். அம்மா கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீயா சொன்ன?"

"ஆமா."

"நல்லா சொன்ன போ. யூனிஃபார்மை மாத்து."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு உடை மாற்றப் போனேன்.

புது வீட்டுக்காரர் தாராளமானவர். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அம்மா ஒன்றுகூட அடிக்கவில்லை. புதிதாக வைத்த செடிகளெல்லாம் பின்னால் துவைக்கிற கல் பக்கம்தான். வாசல் மொட்டையாகக் கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோடை லீவில் அடி விரிசல் விட்ட வாளி ஒன்றை எடுத்துக் கழுவி, மிச்சமிருந்த பெயின்ட்டில் பூப்போட்டு, செவ்வந்தி வைத்து கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒன்றாம் தேதி வாடகைக்கு வந்த வீட்டுக்காரர் அதன் முன்னால் நின்றுவிட்டார். அட, வாசலே அம்சமாக இருக்கிறதே, யார் செய்தது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து விரைந்து வந்தாள்.

"சும்மா, பாப்பா விளையாடுதுண்ணே. தூக்கிப் போடணும்."

அவர் போனதும் வாளி துவைக்கிற கல் பக்கம் போய்விட்டது.

நான் அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. ஊரே தன்னைப் பாராட்டியபோது சிரித்தவளுக்கு, என்னை ஒருவர் பாராட்டியதும் பொறுக்கவில்லை, பொறாமை என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் என் தட்டில் முட்டையை வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் பெரிய மனசு பண்ணி நானாகவே அவளை மன்னித்தேன். அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்தோம், யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. அம்மாவை மன்னித்துவிட்ட பெருமை மட்டும் எனக்கு வெகுநாள் இருந்தது.