மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

2009 மார்கழியில், மனோர் பார்க்கில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். வெள்ளைக்காரன் எங்கள் ஊரில் கட்டிவிட்டுப் போன நீதிமன்றத்தின் வரலாற்றைப் பேச என் நண்பன் சிவம் மேடையேறினான். ஓட்டுக்கூரை, தூண்கள், வாசல் புளியமரம் என்று தொடங்கினான். பிறகு, தன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டும் மரத்துக்குப் பின்னால் ஒளித்து நின்று காணி வழக்கில் தோற்ற ஒருவரை நடித்தே காட்டினான். போரின் முடிவை நினைத்து அந்த வருசம் முழுக்க அழுது களைத்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மகளும்தான்.

அந்த மனிதர் என் அப்பா. ஒருவருக்கும் சொல்லாதே என்று சிவத்திடம் மட்டும் சொன்ன கதை.

பேச்சு முடிந்து சிவம் தேத்தண்ணியோடு வந்தான். "பேர் சொல்லேல்லைத்தானே மச்சான்."

"ஓம்," என்றேன்.

எதிராளியாக நின்றது அப்பாவின் சொந்த அக்கா. அவவுக்கு எதிராக வாய் திறக்க மனமில்லாமல்தான் அப்பா ஒளித்தார். அதுவும் சிவத்துக்குத் தெரியும். அதையும் சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அப்பா, அந்தப் பயந்த ஆள் ஆர்?"

மூன்று தரம் கேட்டாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.